லாக்கெட்டின் பின்புறம்

பிளிமத்
4 அக்டோபர் 1795

அன்புள்ள எலியாஸ் அண்ணனுக்கு,

இது உன் கைக்கு வரும்போது நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அனுப்பும்போது நானும் நலம்தான், கொஞ்சம் இருமல் தவிர.

உங்கள் கப்பல்கள் போய் இன்றோடு ஒன்பது நாள். பின்னக் முதலாளியின் சித்திரக் கடையில் இப்போது ஈ ஓட்டுகிறோம். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் எனக்குக் கோட்டு வரைவதைத் தவிர வேறு வேலை இல்லை. உங்கள் படைப்பிரிவு கப்பலேறப் போகிறது என்று தெரிந்ததுமே லாக்கெட்டுக்கு அளவான நாற்பது சிறு தந்தத் தகடுகளில் சிவப்புக் கோட்டு, மஞ்சள் காலர், வலது தோளில் பொன் குஞ்சம் எல்லாம் போட்டு முகத்தை மட்டும் காலியாக விடச் சொன்னார் முதலாளி. அவசரத்தில் வரும் அதிகாரி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், முதலாளி முகத்தை நிரப்பிவிடுவார். "கோட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான் பொண்ணே, தலைதான் மாறும்" என்பது அவர் பேச்சு.

நீயும் சைலஸும் கேப்டன் லாவிங்டனின் பெட்டியைத் தூக்கி வந்த அன்று, ஜன்னலோரம் உலர்ந்துகொண்டிருந்த அந்தத் தலையில்லாத கோட்டுகளைப் பார்த்து சைலஸ் சிரித்தான். "ஒண்ணுல என் மூஞ்சியப் போட்டுக் குடேன் தாமசின், யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்றான். "உன் தலைக்கு எங்க போயி நிறம் கலக்குறது? உச்சியில வைக்கோலு, காதோரம் செம்பு. ரெண்டு கிண்ணம் வீணாகும்" என்று விரட்டினேன். வெளிச்சத்தை மறைக்கிறீர்கள் என்று முதலாளி உங்கள் இருவரையும் தெருவில் நிற்க வைத்தார். இப்போது நினைத்தால் எரிகிறது. உள்ளே உட்கார்ந்திருந்தவனும் போருக்குத்தான் போகிறான், வெளியே நின்றவர்களும் போருக்குத்தான் போகிறார்கள்.

கேப்டன் தலையை ஆட்டும்போதெல்லாம் முடி வெள்ளையாகத் தெரியப் பூசிய கோதுமை மாவு என் மேஜையில் கொட்டியது. அதே வாரம்தான் ரொட்டி விலை தாங்காமல் ரொட்டிக்கடைக் கதவைப் பெண்கள் உடைத்தார்கள். ஒரு வீட்டின் ஒரு நாள் ரொட்டி அவர் தலையில் இருந்தது.

படத்தை அவருடைய அம்மா வந்து வாங்கிப்போனாள். லாக்கெட்டின் பின்பக்கக் கண்ணாடிக்குள் வைக்க மகனின் முடி வேண்டும் என்றாள். "இப்ப வெட்டினா குடுமி கோணலாயிடும்மா. மேஜராத் திரும்பி வந்து குடுக்கறேன்" என்றார் அவர். பின்பக்கம் காலியாகவே போனது.

துறையில் சைலஸ் என்னிடம் ஒன்று கேட்டான். உனக்குத் தெரிந்திருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.
உன் தங்கை
தாமசின்

*

போர்ட்-ஓ-பிரின்ஸ், சான் டொமிங்கோ தீவு
18 ஜனவரி 1796

அன்புத் தங்கை தாமசினுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். இங்கே நலம் என்றால் எழுந்து நிற்க முடிகிறது என்று பொருள்.

நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்டால் பிரெஞ்சுக் கலகக்காரர்களிடமிருந்து தீவை மீட்க என்கிறார்கள். நான் கண்டது வேறு. இங்கே அடிமைகளாக இருந்தவர்கள் தங்கள் விலங்கைத் தாங்களே உடைத்துவிட்டார்கள். அதைத் திரும்ப மாட்டிவிடத்தான் டெவன் பண்ணைகளில் பட்டினி கிடந்த பையன்களைப் பிடித்து வந்திருக்கிறார்கள். மலையிலிருந்து அவர்கள் பாடுவது கேட்கிறது. எங்கள் பக்கம் யாரும் பாடுவதில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அதிகாரிகள் உட்பட எல்லாருக்கும் தலைமாவு நிறுத்திவிட்டார்கள். மாவு இல்லாமல் பார்த்தால் சைலஸின் குடுமியும் கேப்டனின் குடுமியும் ஒரே வைக்கோல். போன வாரம் கேப்டன் கொடுத்த மேலங்கியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான் சைலஸ். சார்ஜென்ட் பின்னாலிருந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டார். சைலஸ் திரும்பவே இல்லை. "சரி சரி, போயி வேலையப் பாரு" என்றான். அதற்கு மூன்று நாள் குழி வெட்ட வைத்தார்கள். இப்போது முகாமில் எல்லாருக்கும் அவன் "பின்கேப்டன்". "பின்னால பாத்தா கேப்டன், முன்னால பாத்தா கஞ்சி" என்று நானும்தான் கிண்டல் செய்கிறேன்.

வெட்டிய குழிகள் வீணாகவில்லை. காய்ச்சல் வந்துவிட்டது.

சைலஸ் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்க்கிறான். எழுத்துத் தெரியாதவனுக்கு அதில் என்ன தெரிகிறதோ. "யோசிச்சு முடிச்சாச்சான்னு கேளு. ரொம்ப யோசிச்சா தலை வலிக்கும்னு சொல்லு" என்கிறான். சொல்லிவிட்டேன்.

என்றும் உன் அண்ணன்
எலியாஸ்

*

பிளிமத்
6 மார்ச் 1796

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறேன். நான் நலம், இருமல் போய்விட்டது.

உன் கடிதத்தை சைலஸின் அம்மா மார்ஜரி அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். துணி துவைத்த கையைத் துடைக்காமலே கேட்டாள். சார்ஜென்ட் கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எம்புள்ள அப்பிடித்தான். வாயி மட்டும் அடங்கியிருந்தா இந்நேரம் கோட்டைக்கே ராஜா" என்றாள். பிறகு, "அவன் முதுகுல அடி எதுவும் விழலையே?" என்று இரண்டு முறை கேட்டாள். இல்லை என்று எழுது, உண்மையாக இருந்தால்.

சைலஸிடம் சொல். யோசித்துவிட்டேன். சரி.

இதற்கு மேல் அழகாக எழுத எனக்கு வரவில்லை. அவன் மறுபடி வாசிக்கச் சொன்னால் இந்த ஒரு சொல்லையே வாசி. சிரிப்பானா, என்ன செய்வான் என்று எனக்கு எழுது. அவன் வந்ததும் அந்த இரண்டு நிறத்தையும் கலந்து காட்டுகிறேன் என்றும் சொல். இப்போதே பழைய தகட்டில் கலந்து பார்க்கிறேன். வைக்கோல் வந்துவிட்டது, செம்பு வரவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்
தாமசின்

*

போர்ட்-ஓ-பிரின்ஸ்
12 மே 1796

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

உன் மார்ச் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. முழுவதும் வாசித்தேன்.

கேப்டன் லாவிங்டன் ஏப்ரல் 30 அன்று காய்ச்சலில் இறந்தார். ஐந்து நாள்தான். வைத்தியர் தலையை மொட்டையடித்து மருந்துக் கட்டு போட்டார். காய்ச்சல் எதற்கும் கேட்கவில்லை. அவர் ஒரு துப்பாக்கிக் குண்டைக்கூடப் பார்க்காமல் போனார். அவர் கெட்டவர் இல்லை, தாமசின். எங்களைத் தெரியாதவர், அவ்வளவுதான்.

எழுநூறு பேர் இறங்கினோம். நேற்று வரிசையில் நின்றது எண்பத்து நான்கு.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். எங்கள் படைப்பிரிவைக் கலைக்கிறார்கள். மிஞ்சிய அதிகாரிகள் ஊருக்குத் திரும்புவார்கள். மிஞ்சிய வீரர்களை வேறு படைப்பிரிவுகளுக்குப் பிரித்துக் கொடுத்து இங்கேயே நிறுத்துவார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் அடுத்த மழையைத் தாண்டவில்லை. கேப்டனின் பணியாளாக இருந்ததால் எனக்கு ஒரே வழி இருக்கிறது. இறந்த அதிகாரியின் பொருள்களை அவருடைய பணியாள் கொண்டு வர வேண்டும் என்று குடும்பத்தார் ஜெனரலுக்கு எழுதினால் அந்தப் பணியாளை அனுப்பிவைப்பது வழக்கம். ஜெனரல் திருமதி லாவிங்டனுக்கு உறவு. அதுவரை பெட்டியோடு என்னை வைத்திருக்க ஆயுதக் கிடங்கு அதிகாரி ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவிடம் போ. கெஞ்ச வேண்டியிருந்தால் கெஞ்சு.

மார்ஜரி அத்தையின் கேள்விக்கு: முதுகில் அடி விழவில்லை.

உன் அண்ணன்
எலியாஸ்

*

பிளிமத்
3 ஜூலை 1796

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ இன்னும் எழுந்து நிற்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம்.

திருமதி லாவிங்டன் வீட்டுக்குப் போனேன். கறுப்பு உடையில் இருந்தாள். இறந்த சேதிக்கு ஒரு வாரம் முன்தான் மகனை மேஜராக்கிய அரசாங்க அறிவிப்பு வந்ததாம். லாக்கெட்டை என் கையில் கொடுத்து, "இடது தோள்லயும் குஞ்சம் போட்டுடு. அவன் மேஜர்" என்றாள். மேஜருக்குத்தானே இரண்டு தோளிலும் குஞ்சம். அது செத்தவருக்கும் பொருந்துமா என்று நான் கேட்கவில்லை. படத்தில் அவர் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறார், இடது தோளே அரைகுறையாகத்தான் தெரிகிறது. இடுக்கில் நுனி மட்டும் தெரியும்படி பொன்னைத் தொட்டு வைத்தேன்.

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டேன். "பணியாளா? எந்தப் பணியாள்?" என்றாள். நீ ஏழு மாதம் அவள் மகனுக்குச் சவரம் செய்திருக்கிறாய். அவளுக்குப் பெயர் தெரியவில்லை. மகனின் கடைசி நாள்களைப் பற்றி நீ எழுதியதைச் சொன்னேன்.

"அவனுடைய முடி எனக்கு வேணும்" என்றாள். "மொட்டையடிச்சாங்கன்னு உங்கண்ணன் எழுதியிருக்கானே, அப்ப அந்த முடி எங்க? விசுவாசமான வேலைக்காரன்னா அதை எடுத்து வச்சிருப்பான். முடி வரட்டும், அன்னைக்கே ஜெனரலுக்கு எழுதறேன். வரலைன்னா அந்தப் பெட்டிய வேற யாராவது கொண்டு வரட்டும்."

கதவு வரை போனவளைக் கூப்பிட்டு, ஏழு வயதில் வெட்டி வைத்த மகனின் முடியைக் காட்டினாள். சுத்த மஞ்சள். "இதே நிறம்தான், கடைசி வரைக்கும். எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு அதை மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவளை முழுதாக வெறுக்கலாம் என்று போனேன், முடியவில்லை.

முடியைத் தேடு அண்ணா.

சைலஸ் என்ன சொன்னான் என்று நீ எழுதவில்லை. அவனையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்களா? எந்தப் படைப்பிரிவு? மார்ஜரி அத்தை தினமும் ஜன்னலைத் தட்டிக் கேட்கிறாள்.

உன்
தாமசின்

*

போர்ட்-ஓ-பிரின்ஸ்
1 செப்டம்பர் 1796

அன்புத் தங்கைக்கு,

நலம் அறிய ஆவல். நான் இருக்கிறேன்.

முடி இத்துடன் இருக்கிறது. துணிக்குள் வைத்து நூலால் கட்டியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் கொடுத்துவிடு.

கிடங்கு அதிகாரியும் காய்ச்சலில் படுத்துவிட்டார். மழை தொடங்குவதற்குள் எழுதச் சொல்.

கப்பல் கிளம்புகிறது, மற்றதற்கு நேரம் இல்லை.

எலியாஸ்

*

பிளிமத்
3 நவம்பர் 1796

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு முடியவில்லை. மன்னித்துக்கொள்.

பொட்டலத்தைக் கடையில் என் மேஜையில்தான் பிரித்தேன். நல்ல காலை வெளிச்சம். வெள்ளைத் தந்தத் தகட்டின் மேல் முடியைப் பரப்பினேன், எந்த முடி வேலையும் அப்படித்தான் தொடங்கும்.

நீண்ட நேரம் பார்த்தேன்.

முதலாளி, "என்ன பொண்ணே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? கேப்டன் முடிதானே?" என்றார். "ஆமாம். ரெண்டு நிறமா இருக்கு, பிரிக்கணும்" என்றேன். பூதக்கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா. காதோரம் வெட்டினது போல" என்றார்.

பிரிக்க மூன்று நாள் ஆனது. சிறு இடுக்கியால் ஒவ்வொரு இழையாக. மஞ்சள் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். மஞ்சளில் ஒரு செம்பு இழை தங்கினாலும் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மூச்சு விட்டால் பறக்கும் என்பதால் வாயைத் துணியால் கட்டிக்கொண்டேன். அது வசதியாக இருந்தது, கடையில் யாரும் என்னிடம் பேசவில்லை.

மஞ்சளைப் பசையிட்டு கோதுமைக் கதிர் போல வளைத்து, முத்துக் கட்டு போட்டு, பின்பக்கக் கண்ணாடிக்குள் வைத்தேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று முதலாளி சொன்னார்.

திருமதி லாவிங்டன் ஏழு வயது முடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தெரிந்துவிட்டால் நீ அங்கேயே சாவாய். அவள் லாக்கெட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "நான் சொன்னேன் பாத்தியா? எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும்" என்றாள். என் எதிரிலேயே ஜெனரலுக்குக் கடிதம் எழுதி முத்திரை வைத்தாள். இதே கப்பலில்தான் அதுவும் வருகிறது.

செம்பு இழைகள் என்னிடம் இருக்கின்றன.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நீதான் சொல்ல வேண்டும். தேதியாவது சொல். மார்ஜரி அத்தை இன்று காலையும் ஜன்னலைத் தட்டினாள். கடிதம் வரவில்லை என்றேன்.

தாமசின்

*

போர்ட்-ஓ-பிரின்ஸ்
9 ஜனவரி 1797

அன்புத் தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம். அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

உத்தரவு வந்துவிட்டது. பெட்டியோடு அடுத்த மாதம் கப்பலேறுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வரட்டும் என்று தபால் கப்பலில் போடுகிறேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது.

ஏப்ரல் ஒன்பது. கேப்டனுக்கு மூன்று வாரம் முன்பு. உன் "சரி" அப்போது கடலில் எங்கோ வந்துகொண்டிருந்தது. அது என் கையில் கிடைத்தபோது அவன் மண்ணுக்குள் போய் இருபத்து நான்கு நாள். நீ கேட்டாயே, சிரிப்பானா என்று. நான் அதை அவன் குழிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அதிகாரிக்கு ஒரு வைத்தியர், ஒரு கட்டில், கொசுவலை. சைலஸுக்கு ஒரு கொட்டகை, தரை, அடுத்தவனின் வாந்தி. கடைசி நாளில்கூட அவன் வாய் அடங்கவில்லை. "கேப்டன் கூப்பிட்டா நான் ஓய்வுல இருக்கேன்னு சொல்லு" என்றான். அன்று ஆறு பேரை ஒன்றாகப் புதைத்தோம். பட்டியலில் பெயர்கூட எழுதவில்லை, "ஆறு" என்று மட்டும் எழுதினார்கள்.

குழியில் இறக்கும் முன் அவன் முடியை வெட்டினேன். பாதி அவன் அம்மாவுக்கு, பாதி உனக்கு. அனுப்பினால் சேதியையும் எழுத வேண்டும். எழுத முடியாமல் ஐந்து மாதம் என் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். கேப்டனின் முடியை வைத்தியர் அன்றைக்கே எரித்துவிட்டார். அந்த அம்மா முடி கேட்டாள் என்று நீ எழுதியபோது என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

உனக்கும் அத்தைக்கும் என்று வைத்ததைக் கொடுத்து என் உயிரை வாங்கிக்கொண்டேன். அவனைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான், கூடவே ஒரு கிண்டலும் அடித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் கேட்கவில்லை.

உன்னையாவது கேட்டிருக்க வேண்டும்.

எலியாஸ்

*

பிளிமத்
19 மார்ச் 1797

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கப்பல் கடை ஜன்னலிலிருந்து தெரிகிறது. காய்ச்சலுக்கு அடையாளமாகப் பாய்மரத்தில் மஞ்சள் கொடி. இன்னும் பன்னிரண்டு நாள் யாரையும் இறக்க மாட்டார்கள் என்று துறையில் சொன்னார்கள். படகுக்காரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ரொட்டியும் வைத்திருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவனிடம் வாயால் சொல்லி அனுப்பு.

ஜனவரி கடிதம் வந்தது. எனக்கு ஒரு வாரம் எதுவும் ஓடவில்லை. பிறகு செம்பு இழைகளை எடுத்துக்கொண்டு மார்ஜரி அத்தை வீட்டுக்குப் போனேன். எதையும் மறைக்கவில்லை. மஞ்சள் எங்கே போனது, ஏன் போனது, எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. தொட்டியிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தாள். பிறகு, "எலியாஸ் வந்துருவானா?" என்றாள். "வந்துருவான்" என்றேன். "அப்ப சரி" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டது எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் படைப்பிரிவே இல்லாமல் போனதால் மிஞ்சிய கோட்டுகளைத் துடைத்துத் தகட்டை மீட்கச் சொல்லியிருந்தார் முதலாளி. பதினொன்று இருந்தன. பத்தைத் துடைத்தேன். ஒன்றில் தோள் குஞ்சத்தை மட்டும் ஈரத் தூரிகையால் எடுத்துவிட்டு சைலஸை வரைந்தேன். செம்பு இந்த முறை சரியாக வந்தது. இழை எதிரிலேயே இருந்ததே. மார்ஜரி அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மூஞ்சி அவன்தான். ஆனா கழுத்துல வெள்ளத் துணி ஏது? அதிகாரிங்களுக்குத்தான் அது. எம்புள்ளைக்கு தோல் பட்டைதான், கழுத்த அறுக்குதுன்னு சொல்லுவான்" என்றாள். கறுப்பாக மாற்றிக் கொடுத்தேன்.

போன ஞாயிறு தேவாலயத்தில் நடந்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும். திருமதி லாவிங்டன் முன் வரிசையில், லாக்கெட்டை முடிப் பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தாள். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியேறும்போது மார்ஜரி அத்தை நேராகப் போய் அவள் வழியில் நின்றாள். சொல்லிவிட்டால் போதும், உன்னைக் கப்பலிலிருந்து நேராகச் சிறைக்குக் கொண்டுபோவார்கள். அத்தையின் கண் லாக்கெட்டை விட்டு நகரவில்லை.

"யார் நீ? என்ன வேணும்?" என்றாள் திருமதி லாவிங்டன்.

"துணி துவைக்கறவம்மா. எம்புள்ளையும் அதே படையிலதான் போனான்."

அந்த அம்மாவின் முகம் இளகியது. அது நடிப்பில்லை அண்ணா, நான் பார்த்தேன். "வந்துட்டானா?"

"இல்லம்மா."

திருமதி லாவிங்டன் லாக்கெட்டைக் கழற்றாமல் சங்கிலியோடு முன்னால் நீட்டினாள். "இது என் பையனோட முடி. தொட்டுப் பார்க்கிறியா?"

அத்தை கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். சோடாக்காரத்தில் வெடித்த அந்த இரண்டு கைகளாலும் வாங்கி, குனிந்து, கண்ணாடியின் மேல் முத்தமிட்டாள். கொஞ்சம் அதிக நேரம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். திருமதி லாவிங்டன் பொறுமையாக நின்றாள்.

நிமிர்ந்து, "நல்ல முடிம்மா. பத்திரமா வச்சுக்கங்க" என்றாள் மார்ஜரி அத்தை.

அவ்வளவுதான்.

அத்தைக்கு இனி ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது வரிசையிலிருந்து அது தெரியும். அங்கே மாறி உட்காரப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

கொடி இறங்கியதும் பெட்டியை லாவிங்டன் வீட்டில் இறக்கிவிட்டு என்னிடம் வராதே. முதலில் மார்ஜரி அத்தையிடம் போ. ஏப்ரல் ஒன்பதைப் பற்றி உன் வாயால் கேட்க வேண்டுமாம். "கேப்டன் கூப்பிட்டா ஓய்வுல இருக்கேன்னு சொல்லு" என்று அவன் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. அதை உனக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

நான் கடையில்தான் இருப்பேன். வேறு படைப்பிரிவு கப்பலேறுகிறதாம், காலர் இந்த முறை பச்சை. இன்று காலை நாற்பது கோட்டுகளைத் தொடங்கியிருக்கிறேன்.

பத்திரமாகக் கரையேறு.
உன் தங்கை
தாமசின்